பிரசவ தேதி மே 18 தான், உமையாள்

பள்ளத்தூர்
2.1.2026

அன்புள்ள உமையாளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அப்பச்சிக்கு இருமல் விட்டுவிட்டது. மார்கழிப் பனியில் காலையில் வளவுக்குள் கால் வைக்க முடியவில்லை, தரை அப்படிச் சில்லிட்டுக் கிடக்கிறது. பிள்ளையார் நோன்புக்குப் பங்காளி வீட்டார் எல்லோரும் வந்திருந்தார்கள். யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை.

ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து நீ என்னிடம் ஒழுங்காகப் பேசவில்லை. கூப்பிட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்கிறாய். ஞாயிற்றுக்கிழமையும் மீட்டிங்கா? சாப்பிட்டாயா என்று கேட்டு அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று வருகிறது. உன் குரலைக் கேட்காமல் எனக்குச் சோறு இறங்காது என்று தெரிந்தும் இப்படிச் செய்கிறாய்.

மாப்பிள்ளைதான் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பினார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. நான் விடாமல் கேட்ட பிறகுதான் அனுப்பினார். அந்தத் தாளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே ஒரு வரி: கடைசி பீரியட்ஸ் தேதிப்படி 21 வாரம் 1 நாள். கீழே ஒரு வரி: அளவுப்படி 19 வாரம் 5 நாள். ஓரத்தில் டாக்டர் பேனாவால் ஒரு கேள்விக்குறி போட்டு, வளர்ச்சியைப் பார்க்க மூன்று வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் என்று எழுதியிருக்கிறார். பேனா மை அந்த இடத்தில் கொஞ்சம் இழுபட்டிருக்கிறது. நீ கண்ணைத் துடைத்த கையோடு வாங்கினாயோ என்னவோ.

அந்தக் கேள்விக்குறியைத்தான் மனதில் போட்டு உருட்டிக்கொண்டு இருக்கிறாய். யாரிடமும் சொல்லாமல்.

சரி, அந்த இரண்டு வரிக்கும் நடுவில் எத்தனை நாள் என்று எண்ணிப் பார். பத்து நாள். அது எந்தப் பத்து நாள் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்த டாக்டருக்குத்தான் தெரியாது.

ஆகஸ்ட் மாதத்தை நினைத்துக்கொள். 1ஆம் தேதி உனக்குப் பீரியட்ஸ் வந்தது. உறைய வைத்திருந்த கருவை உள்ளே வைப்பதற்காக மதுரை ஆஸ்பத்திரியில் மறுநாளே மாத்திரை ஆரம்பித்தார்கள். பலருக்கு இரண்டு வாரத்தில் கர்ப்பப்பையின் உள்சுவர் தயாராகிவிடுமாம். உனக்கு ஆகவில்லை. நாம் மதுரைக்குப் போவோம், இன்னும் 7 மில்லிமீட்டர் வரவில்லை, மாத்திரையைத் தொடருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். திரும்பி வரும்போது திருப்பத்தூர் தாண்டும்வரை நீ வாயைத் திறக்கமாட்டாய். பிள்ளையார்பட்டி பக்கம் வந்ததும், "அம்மா, இந்தத் தடவையும் இல்லைன்னா?" என்பாய். நான் பதில் சொல்லாமல் உன் கையைப் பிடித்துக்கொள்வேன். கடைசியில் உள்சுவர் சரியாகி, ப்ரொஜெஸ்ட்ரோன் மருந்து ஆரம்பித்து, கருவை உள்ளே வைத்தது ஆகஸ்ட் 30. தாமதமாகாமல் இருந்திருந்தால் 20ஆம் தேதியே வைத்திருப்பார்கள். அந்தப் பத்து நாள்தான் இது.

பிரசவ தேதிக் கணக்கை மறுபடி எழுதுகிறேன், பொறுமையாகப் படி. எல்லோருக்கும் பார்க்கிற கணக்கில், கடைசி பீரியட்ஸ் ஆரம்பித்த நாளிலிருந்து 280 நாள். ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டு என்பதும் அதுதான். ஜெர்மனியில் நேகலே என்ற டாக்டர் இருநூறு வருஷத்துக்கு முன்னால் பரப்பியது. 28 நாளுக்கு ஒருமுறை பீரியட்ஸ் வருகிறவளுக்கு 14ஆம் நாள் வாக்கில் முட்டை வந்து கரு உண்டாகும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. ஆகவே கரு உண்டான நாளிலிருந்து எண்ணினால் 266தான். உனக்கு வைத்தது ஐந்து நாள் வளர்த்து உறைய வைத்திருந்த கரு. 266இல் அந்த ஐந்தைக் கழித்துவிட்டு, வைத்த நாளிலிருந்து 261 எண்ணவேண்டும். மூன்று நாள் கரு என்றால் 263. மதுரையில் அந்த நர்ஸ் பெண் சொல்லச் சொல்ல நான் காலண்டர் தாளின் பின்னால் எழுதிக்கொண்டேனே, நீ படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஆகஸ்ட் 30இலிருந்து 261 எண்ணினால் மே 18. சென்னை ஆஸ்பத்திரி அட்டையில் போட்டிருக்கிற மே 8 இல்லை. உறைந்து கிடந்த கருவுக்கு உன் பீரியட்ஸ் தேதியோடு என்ன சம்பந்தம்? பல்லவன் ரயில் காரைக்குடியில் கிளம்பிய நேரத்தை வைத்து எழும்பூர் போய்ச் சேரும் நேரத்தைச் சொல்லலாம், நாம் வீட்டைப் பூட்டிய நேரத்தை வைத்துச் சொல்ல முடியுமா?

இப்போது மே 18இலிருந்து பின்னால் எண்ணு. ஸ்கேன் எடுத்த டிசம்பர் 27 அன்று உனக்கு 19 வாரம் 5 நாள். அளவுப்படி என்று அந்தத் தாளில் போட்டிருப்பதும் 19 வாரம் 5 நாள். ஒரு நாள்கூடப் பிசகவில்லை. பிள்ளை இருக்கவேண்டிய அளவில்தான் இருக்கிறது, உமையாள். இதைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி அப்பச்சியை எழுப்பி உட்கார வைத்து, அவரையும் எண்ணச் சொன்னேன். அவர் இரண்டு தடவை எண்ணிவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் டாக்டர் இல்லை. முடிவு சொல்லவேண்டியது அவர். ஆனால் கரு வைத்த தேதியைக் கையில் கொடுக்காமல் அவர் எப்படிச் சொல்வார்?

இனி எழுதப்போவது ஃபோனில் சொல்ல வாய் வராத விஷயம். அதனால்தான் கடிதம். அந்தச் சென்னை ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை போனபோது கடைசி பீரியட்ஸ் எப்போது என்று கேட்டார்கள். பக்கத்து நாற்காலியில் உன் மாமியார். நீ ஆகஸ்ட் 1 என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாய். நீயே என்னிடம் சொன்னதுதான். சொன்னது பொய் இல்லை. ஆனால் வயிற்றில் ஊசியை நீயே போட்டுக்கொண்டு, ஐந்தாவது நிமிஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆபீஸ்காரர்களிடம் கணீரென்று பேசியவள் நீ. இரட்டை வீட்டு அறைக் கதவுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்து, இவ்வளவு தைரியம் என் வயிற்றில் எப்படிப் பிறந்தது என்று பூரித்துப்போனேன். அந்தத் தைரியத்தை ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த மனுஷிக்காகவா விட்டுவிடுவாய்?

மதுரை விஷயம் யாருக்கும் தெரியவேண்டாம் என்று நாம் சேர்ந்துதான் முடிவு செய்தோம். அது சரியான முடிவு, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். கல்யாணம் காட்சி ஒன்று விடாமல் பெரிய வீட்டு ஆச்சி, "பிள்ளை கூட்டிக்கிறதுன்னா காலாகாலத்தில் கூட்டிக்கணும்" என்று உன் காதுபடச் சொன்னதை நான் மறக்கவில்லை. பிள்ளை கூட்டுவதில், அதாவது தத்து எடுப்பதில், ஒரு குறையும் இல்லை. உன் ஐயாவே அப்படி இந்த வீட்டுக்கு வந்தவர்தான். கேட்காதவளிடம் போய் அதைச் சொல்லிக்கொண்டே இருந்ததுதான் பொறுக்கவில்லை. அதனால் ஊருக்குச் சொல்லவேண்டாம். டாக்டர் ஊர் இல்லை.

இதில் கூசுவதற்கும் ஒன்றும் இல்லை. 1978இல் கொல்கத்தாவில் சுபாஷ் முகர்ஜி என்ற டாக்டரின் முயற்சியில் பிறந்த பெண் குழந்தையும் உறைய வைத்த கருவில் வந்ததுதான். அந்த மனுஷரை அன்றைக்கு யாரும் நம்பவில்லை, படாத பாடு படுத்தினார்கள். அது நடந்து 47 வருஷம் ஆகிவிட்டது.

நான் பயப்படுவது இந்த ஸ்கேனோடு நிற்காது என்பதற்காகத்தான். மூன்று வாரம் கழித்து எடுத்தாலும் அதே பத்து நாள் குறைவாகத்தான் காட்டும். மறுபடி கேள்விக்குறி, மறுபடி நீ தூங்காமல் இருப்பாய். கடைசியில் மே 8ஐ நம்பி, 39 வாரம் முடிந்துவிட்டது என்று மே 1 அன்று ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள் என்று வை, பிள்ளைக்கு உண்மையில் 37 வாரம் 4 நாள்தான் ஆகியிருக்கும். 39 வாரத்துக்கு முன்னால் எடுக்கிற பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறல் வருகிற வாய்ப்பு அதிகம். தேதி தாண்டிவிட்டது என்று வலி வரவழைக்க மருந்து கொடுப்பதும் இதே கணக்கை வைத்துத்தானே? பத்து நாள் நமக்குப் பெரிதில்லை, உள்ளே இருக்கிற பிள்ளைக்குப் பெரிது.

தேதி மட்டும் இல்லை. மாத்திரை கொடுத்து உள்சுவரைத் தயார் செய்து கரு வைத்தவர்களுக்குப் பின்னால் ரத்த அழுத்தம் ஏற வாய்ப்பு கொஞ்சம் கூடுதலாம். டாக்டருக்குத் தெரிந்தால்தானே கவனமாகப் பார்ப்பார். மதுரையில் எழுதிக்கொடுத்த சின்ன ஆஸ்பிரின் மாத்திரையை இப்போது எப்படிச் சாப்பிடுகிறாய்? ஒளித்து வைத்தா? அதை நிறுத்துவதா தொடர்வதா என்றும் அவர்தான் சொல்லவேண்டும். இப்படி உண்டான பிள்ளைகளுக்கு இதயத்தைத் தனியாக எக்கோ எடுத்துப் பார்ப்பதும் உண்டு. 18 வாரத்திலிருந்து 24 வாரத்துக்குள் எடுப்பார்கள், அதற்கும் இதுதான் நேரம்.

ஃபைல் என் பீரோவில்தான் இருந்தது. கரு வைத்த தேதி போட்ட தாள், செப்டம்பர் 29 அன்று 7 வாரத்தில் இதயத்துடிப்பு பார்த்த ஸ்கேன், 12ஆம் வாரத்து ஸ்கேன், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டேன். இங்கே ஊரில் எடுக்கவில்லை. காரைக்குடிக்குப் போய், நம்மைத் தெரியாத கடையில் எடுத்தேன். நாளைக்குக் கூரியரில் போடுகிறேன். உன் ஆபீஸ் விலாசத்துக்குத்தான், வீட்டுக்கு இல்லை. நீயே கையெழுத்துப் போட்டு வாங்கு.

வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கும்போது உன் மாமியாரைக் கீழே காப்பி குடிக்க அழைத்துப் போகும்படி மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். ஐந்து நிமிஷம் போதும். "கரு வைத்தது ஆகஸ்ட் 30, ஐந்து நாள் கரு" என்று சொல்லி இந்தத் தாளைக் கொடு. வீட்டாருக்குத் தெரியாது, அவர்கள் முன்னால் பேசவேண்டாம் என்றும் சொல்லு. அவர்களுக்கு இதெல்லாம் புதிது இல்லை. அட்டையில் மே 18 என்று திருத்தித் தரும்படி கேள். வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதே, அட்டையில் திருத்தி எழுதி வாங்கு. பிரசவ நேரத்தில் வேறு டாக்டர் இருந்தால் அவர் அட்டையைத்தான் பார்ப்பார். பிறகு ஒரு ஸ்கேனில் அளவு முன்னே பின்னே வந்தாலும் இந்தத் தேதியை மாற்றக்கூடாது, கரு வைத்த நாள்தான் நமக்குத் துல்லியமாகத் தெரிந்த நாள் என்று மதுரையில் சொன்னதையும் மறக்காதே.

உன் மாமியாரும் கெட்டவர் இல்லை. நோன்பன்று உனக்கு ஒன்றும் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஒன்றுமாக நீ மாவில் ஏற்றிய இரண்டு இழைத் திரி எடுத்துக்கொண்ட படத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். மனது நிறைந்த முகம். தேதி ஏன் மாறியது என்று கேட்டால் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துத் திருத்தியிருக்கிறார் என்று சொல்லிக்கொள். சித்திரையில் பிறந்துவிடுமோ என்று என்னிடமே ஒரு தடவை இழுத்தார். வைகாசி என்றால் அவருக்கும் சந்தோஷம்தான்.

முதல் பிரசவத்தை இங்கே பார்க்காமல் சென்னையிலேயே என்று நீங்கள் முடிவு செய்ததில் எனக்கு வருத்தம் உண்டு. அதை இப்போது எழுதவில்லை. ஏப்ரல் கடைசியில் நான் அங்கே வந்துவிடுவேன். போட்ட தேதியிலேயே பிறக்கிற பிள்ளை நூற்றுக்கு நாலோ ஐந்தோதான், முன்னே பின்னே வரும், அதனால் முன்கூட்டியே வருகிறேன். கவுனி அரிசி எடுத்து வைத்திருக்கிறேன். பால் குடிக்கிறாயா?

வியாழக்கிழமை டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் எனக்குக் கூப்பிடு. செய்தி அனுப்பாதே, கூப்பிடு. அழுகை வந்தால் அழுதுகொண்டே பேசு, நான் கேட்கிறேன். தாளைக் கொடுத்தாயா, திருத்தி எழுதினாரா, எக்கோவுக்கு எழுதிக் கொடுத்தாரா, இந்த மூன்றையும் சொல்லு.

அன்புடன்,
அம்மா