கடிதம் எந்த முகவரிக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்பகப் புற்றுநோய் பற்றிய உங்கள் அக்டோபர் சிறப்புப் பக்கம் படித்தேன். பெண்களுக்கு விழிப்புணர்வு வந்துவிட்டால் போதும் என்பதுபோல முடித்திருந்தீர்கள். என் அனுபவம் வேறு.

நான் லாஸ் ஏஞ்சலிஸில் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுக்கும் டெக்னீஷியன். மாதம் ஒரு நாள், வீடில்லாதவர்கள் தெருவில் கூடாரம் போட்டு வாழும் ஸ்கிட் ரோ பகுதியில், ஒரு காப்பகத்து வாசலில் எங்கள் எக்ஸ்ரே வேன் நிற்கும். இந்தக் கவுன்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் 10 சதவீதம்கூட இல்லை. வீடில்லாதவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அவர்கள். வேனுக்கு வரும் கறுப்பினப் பெண்களிடம் இந்த நோயைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அம்மா இதில்தான் போனார், சித்தி இதில்தான் போனார் என்று அவர்களே சொல்வார்கள்.

போன முறை ஒரு அம்மா படியிலேயே நின்றுவிட்டார். "என் வண்டியை யார் பாத்துக்குவா கண்ணு?" போர்வை, மாத்திரை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அந்தத் தள்ளுவண்டியில்தான். எங்கள் டிரைவர் காவல் நின்ற பிறகே மேலே வந்தார். அப்புறம், டியோடரன்ட் போட்டிருந்தால் துடைக்கச் சொல்ல வேண்டும்; அதிலுள்ள அலுமினியம் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும். குளிக்க இடமில்லாத ஒருவரிடம் அதைச் சொல்ல இன்றும் எனக்கு நாக்கு கூசுகிறது.

சரி, படம் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். வசதியில்லாதவர்களுக்கு இலவசமாக எடுக்க 1990லேயே சட்டம் வந்துவிட்டது. முடிவை 30 நாளுக்குள் கடிதமாக அனுப்ப வேண்டும் என்பதும் சட்டம்தான். எந்த முகவரிக்கு அனுப்புவது? பத்தில் ஒருவரையாவது மறுபடி படம் எடுக்கக் கூப்பிடுவோம். பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இருக்காது, ஆனால் வந்து பார்த்தால்தானே தெரியும்? போன் தொலைந்திருக்கும், கூடாரம் இடம் மாறியிருக்கும்.

வெள்ளையரைவிடக் கறுப்பினப் பெண்களுக்கு இந்த நோய் வருவது சற்றுக் குறைவு. இறப்போ சுமார் 40 சதவீதம் அதிகம். ஹார்மோன் மருந்துக்குக் கட்டுப்படாத டிரிபிள் நெகட்டிவ் வகை அவர்களுக்கு இரு மடங்கு வருவது ஒரு காரணம். சிகிச்சை தொடங்கத் தாமதமாவது இன்னொன்று. விழிப்புணர்வுச் சின்னமான இளஞ்சிவப்பு ரிப்பனுக்குச் செலவழிக்கிற காசில், தெருத்தெருவாகப் போய் ஆளைத் தேடிக் கூட்டிவர ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கலாம். அதைப் பற்றி எழுதுங்கள்.

அந்த அம்மாவையும் மறுபடி வரச் சொல்லி எழுதியிருக்கிறோம். கடிதம் மூன்று வாரமாகக் காப்பகத்து மேஜை டிராயரில் கிடக்கிறது. தள்ளுவண்டி எதைப் பார்த்தாலும் எங்கள் டிரைவர் வேகத்தைக் குறைக்கிறார்.

ஒரு வாசகி,
லாஸ் ஏஞ்சலிஸ்