பெர்த் போகும் அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

ஜூன் மாதம் மகன் வீட்டுக்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து உங்களுக்கு எழுத வேண்டும் என்றே இருந்தேன். பெர்த்தை மகன் சுற்றிக் காட்டிவிடுவான். ஒரு வாரம் லீவு போடச் சொல்லி, வடக்கே கிம்பர்லி வட்டாரத்தில், ஓர் ஓடை குடைந்த குகை இருக்கும் டனல் கிரீக் தேசியப் பூங்காவுக்கும் கூட்டிப் போகச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் அங்கே பாதை அடைத்துவிடுவார்கள். ஜூன் சரியான நேரம்.

ப்ரூம் வரை விமானம். அப்புறம் டெர்பி வழியாகக் கார், கடைசியில் மண் ரோடு. கடை கிடையாது, போன் சிக்னலை நம்ப முடியாது. தண்ணீரும் சாப்பாடும் டெர்பியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். குகையருகே தங்க அனுமதியில்லை; பக்கத்தில் இருக்கும் விண்ட்ஜானா பள்ளத்தாக்கில் கூடாரம் போடலாம்.

அங்குள்ள நேப்பியர் மலை, 35 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் கடலுக்கடியில் பாசிகளும் கடற்பஞ்சு போன்ற உயிர்களும் கட்டிய சுண்ணாம்புத் திட்டு. அதை ஓடைத் தண்ணீர் அரித்து அரித்து, இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வரும்படி 750 மீட்டருக்குத் துளைத்துவிட்டது. நம் ஆந்திராவில் அரக்கு பக்கத்துப் போரா குகையில் இருப்பதுபோல லைட்டும் படிக்கட்டும் எதிர்பார்க்காதீர்கள். வாசலில் பெரிய பெரிய பாறைகளுக்கிடையே இறங்க வேண்டும். திருநீர்மலைப் படி ஏறும் உங்களுக்கு அது முடியும். ஆனால் இரண்டு கையும் வேண்டும், அதனால் நெற்றியில் கட்டும் டார்ச்சை ரிச்சி தெருவிலேயே வாங்கிவிடுங்கள். நனைந்தால் பரவாயில்லை என்கிற பழைய ஷூ ஒன்றும்.

உள்ளே தண்ணீர் சில்லென்று முழங்காலுக்கு ஏறும், சில இடங்களில் அதற்கும் மேலே. நடுவழியில் கூரை இடிந்து விழுந்த இடத்தில் வெயில் நேராகக் கீழே இறங்குகிறது. வௌவால்கள் கீச்சிடும். டார்ச் வெளிச்சத்தில் தண்ணீரோரம் இரண்டு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது நன்னீர் முதலையின் கண். மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போகிற இனம்தான். கிட்டே மட்டும் போகாதீர்கள்.

உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது ஜண்டமாராவைப் பற்றி. அந்தப் பகுதி புனுபா என்ற பழங்குடி மக்களின் நிலம். குகைக்கு அவர்கள் வைத்த பெயர் டிமலுரு. ஜண்டமாரா அவர்களில் ஒருவர், போலீசுக்குத் தடம் பார்த்துக் கொடுத்தவர். 1894-இல், சங்கிலியில் கட்டிவைத்திருந்த தன் மக்களை விடுவிக்க ஒரு போலீஸ்காரரைச் சுட்டார். அதிலிருந்து, நிலத்தைப் பிடித்த வெள்ளையரை எதிர்த்துப் போராடினார். இந்தக் குகை அவருக்கு ஒளிவிடம். 1897 ஏப்ரல் 1 அன்று இதன் வாசலருகேதான் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவரும் போலீசுக்குத் தடம் பார்த்த இன்னொரு பழங்குடி மனிதர்தான். இது தெரியாமல் உள்ளே போகிறவர்கள், தண்ணீரில் விளையாடிவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது மனசு ஆறவில்லை. நீங்கள் தெரிந்துகொண்டு போங்கள் அக்கா. புனுபா மக்களே கூட்டிப்போகும் பயணம் கிடைத்தால் அதையே எடுங்கள். மறுபக்கம் வெளியே வந்ததும் பாறை ஓவியங்கள் இருக்கின்றன, அங்கே அவசரப்படாதீர்கள்.

போன் பண்ணி மகனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அந்த சீசனில் வண்டி கிடைப்பது கஷ்டம்.

அன்புடன்,
குரோம்பேட்டையிலிருந்து உங்கள் தங்கை