லினக்ஸை மெனுவிலிருந்து சொல்லிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோபிசெட்டிபாளையம் பேருந்து நிலையம் பக்கத்தில் 17 வருடமாக ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கடையில் இரண்டு கம்ப்யூட்டர். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. இரண்டுமே விண்டோஸ் 11 ஏறாத பழைய மெஷின்கள், புதிதாக வாங்கவும் வழியில்லை. பொங்கல் லீவுக்கு வந்த அண்ணன் மகன் இரண்டிலும் விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்துவிட்டுக் கோவைக்குப் போனான்.

மறுநாளே மஞ்சள் ஏலத்துக்குப் போகிற அவசரத்தில் ஒரு பெரியவர் வந்து நின்றார். "ஏனுங்க அம்மிணி, சிட்டாவையும் ஆதாரையும் ஒரே பிடிஎஃப்பா ஆக்கிக் குடுங்க." அதற்கான மென்பொருள் மெஷினில் இல்லை. லினக்ஸில் மென்பொருள் சேர்க்கும் வழி வந்திருந்த உங்கள் நாளிதழின் கணினிப் பகுதியை வெட்டி வைத்திருந்தேன். டெர்மினல் என்கிற கறுப்புத் திரையைத் திறந்து, அந்த நறுக்கில் அச்சாகியிருந்த கட்டளையை எழுத்து மாறாமல் அடித்தேன். அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்று வந்தது. மூன்று முறை அடித்தும் அதேதான். பெரியவர் வேறு கடைக்குப் போய்விட்டார்.

இரவு அந்த நறுக்கைப் போட்டோ எடுத்து அண்ணன் மகனுக்கு அனுப்பிய பிறகுதான் காரணம் தெரிந்தது. பத்தியின் அகலம் போதாமல் கட்டளை இரண்டு வரியாக உடைந்திருக்கிறது. உடைந்த இடத்தில் அச்சில் ஒரு சிறு கோடு விழுந்திருக்கிறது. அந்தக் கோட்டையும் சேர்த்து அடித்திருக்கிறேன்! "அத்தை, இதெல்லாம் எதுக்குங்க? மெனுவுல சாப்ட்வேர் மேனேஜர்னு இருக்குது பாருங்க. போன்ல பிளே ஸ்டோர் மாதிரிதான்" என்றான்.

திறந்து பார்த்தேன். தேடும் இடத்தில் பிடிஎஃப் என்று அடித்ததும் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் படம், விளக்கம், பயன்படுத்தியவர்கள் கொடுத்த நட்சத்திரம். பிடிஎஃப்களை ஒன்றாகச் சேர்க்கிற பிடிஎஃப் அரேஞ்சர் என்பதைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்டாலை அழுத்தினேன். பாஸ்வேர்ட் கேட்டது. கம்ப்யூட்டருக்குள் நுழைய நாம் போடுகிற அதே பாஸ்வேர்ட்தான். அவ்வளவே, மெனுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. வேண்டாம் என்றால் அதே இடத்தில் ரிமூவ் இருக்கிறது.

ஒன்றை மட்டும் கவனித்து அழுத்த வேண்டும். சில மென்பொருள்கள், மின்ட்டின் வழக்கமான கிடங்கிலிருந்து வருகிற சிஸ்டம் பேக்கேஜ், பல வகை லினக்ஸுக்கும் பொதுவான பிளாட்பேக் என்று இரண்டு வகையாகக் கிடைக்கும். பிளாட்பேக்கில் பெரும்பாலும் புதிய பதிப்பு இருக்கும். ஆனால் அது இயங்கத் தேவையான அடிப்படைக் கோப்புகளையும் தனியாகக் கொண்டுவருவதால் முதல் தடவை நூற்றுக்கணக்கான எம்பி இறங்கும். அடுத்த மென்பொருளுக்கும் அதே அடிப்படை போதுமென்றால் மறுபடி இறங்காது. என்னைப் போல் போன் ஹாட்ஸ்பாட்டில் கடை நடத்துகிறவர்கள் முதலில் சிஸ்டம் பேக்கேஜைப் பார்ப்பது நல்லது. இந்த விவரம் உங்கள் பகுதியில் ஒரு வரிகூட வரவில்லை.

விண்டோஸ் இருந்த நாளில் இதே வேலைக்கு இணையத்தில் தேடி, பெரிதாக டவுன்லோட் என்றிருந்த பட்டனை அழுத்தினேன். வேண்டாத விளம்பரமெல்லாம் புகுந்து இரண்டு நாள் கடை வேலை கெட்டது. இங்கே சிஸ்டம் பேக்கேஜ் எல்லாம் சரியான இடத்திலிருந்துதான் வருகின்றன என்று மின்னணுக் கையொப்பம் மூலம் சரிபார்த்த பிறகே மெஷினில் ஏறுகின்றன. அவற்றின் அப்டேட்டும் ஒரே இடத்தில் வருகிறது. கடை வைத்திருக்கிறவருக்கு இதைவிட நிம்மதி எது?

2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக், சென்னையில் டெபியன் என்கிற இன்னொரு லினக்ஸை வைத்து உருவாக்கியது அது. புராஜெக்ட் அச்செடுக்க அந்த லேப்டாப்போடு எத்தனையோ பிள்ளைகள் என் கடைக்கு வந்தார்கள். ஒரு பிள்ளைகூட பாஸைத் திறந்து நான் பார்த்ததில்லை. அதில் எதையாவது சேர்க்க வேண்டுமானால் எங்கே அழுத்துவது என்று யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. எனக்கே இந்த வருடம்தான் தெரிந்தது. அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கறுப்புத் திரையை நான் குறை சொல்லவில்லை. அண்ணன் மகனுக்கு அதுதான் கைவேகம். ஒரே வரியில் சொன்னால் பத்திரிகையில் இடமும் மிச்சம். ஆனால் புதிதாக வருகிறவருக்கு மவுஸால் செய்கிற வழியைப் படத்தோடு முதலில் போடுங்கள். எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு என்றும் எழுதுங்கள், திரை ஒவ்வொன்றிலும் வேறு மாதிரி இருக்கிறது. கட்டளை போட்டே ஆக வேண்டுமென்றால் வரி உடையாமல் தனிக் கட்டத்தில் போடுங்கள்.

அடுத்து, தமிழ்99 விசைப்பலகையைச் சேர்ப்பது எப்படி என்று போட முடியுமா? மென்பொருள் சேர்க்கிற இன்னொரு கருவியான சினாப்டிக்கில் தேடி, குறியிட்டு, அப்ளை கொடுத்து எப்படியோ சேர்த்துவிட்டேன். இந்தக் கடிதம் அதில் அடித்ததுதான். ஆனால் எந்த வரிசையில் செய்தேன் என்று இன்னொருவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் போட்டால் பெரிதாக ஜெராக்ஸ் எடுத்துக் கடைச் சுவரில் ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை வாசகி,
கோபிசெட்டிபாளையம்.