இங்கிலாந்தில் பொஸ்டனில் இருக்கும் மகனுக்கு

நோர்வூட், இலங்கை

அன்புள்ள மகனுக்கு,

போன ஞாயிறு போனில் பேச்சு சூடாகிப் பாதியில் நின்றுவிட்டது. உனக்கு வேலைக்குப் போக நேரமாகிவிட்டது, எனக்கும் அதற்குமேல் பேச வாய் வரவில்லை. அதனால் ஆற அமர எழுதுகிறேன். நீயும் ஆற அமர வாசி.

பிரிட்டனில் ஸ்டார்மர் அரசாங்கம் மறுபடியும் ஐரோப்பிய ஒன்றியத்தோடு நெருங்கப் பார்க்கிறது, அது ஒன்றியத்தை விட்டு வெளியேறச் சொல்லி 2016இல் மக்கள் கொடுத்த தீர்ப்புக்குச் செய்யும் துரோகம் என்றாய். சரி, அது உன் அரசியல். நீ இருக்கும் நாட்டைப் பற்றிப் பேச உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் உன் தெருவில் குடியிருக்கும் லித்துவேனியாக்காரர்களையும் போலந்துக்காரர்களையும் பற்றிப் பேச்சு வந்தபோது, "எல்லாரையும் அப்பவே திருப்பி அனுப்பியிருக்கணும்மா" என்றாயே, அதை என்னால் விழுங்க முடியவில்லை. அன்று இரவு தூக்கமும் வரவில்லை.

உன் கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கல்யாணம் முடித்த கையோடு மருமகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாய். வருஷத்துக்கு 18,600 பவுண் சம்பளம் காட்டினால்தான் மனைவியைக் கூப்பிடலாம் என்று 2012இல் அங்கே விதி போட்டிருந்தார்கள். அந்தச் சம்பளத்தைத் தொட நீ இரண்டு இடத்தில் வேலை செய்தாய். ஆங்கிலப் பரீட்சை, வீசாக் கட்டணம், வக்கீலுக்குக் காசு என்று அப்பாவின் சேமலாப நிதிப் பணத்தில் பெரும்பகுதி அதற்கே போனது. அதே நேரத்தில் உன்னோடு வேலை செய்த போலந்துப் பையன் ஓர் அடையாள அட்டையோடு வந்து இறங்கினான், கொஞ்ச நாளில் மனைவி பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு வயிறு எரியத்தான் செய்யும். வெளியேற வேண்டும் என்று பிரசாரம் செய்தவர்களும் நம்மவர்களிடம் இதைத்தானே சொன்னார்கள்? ஐரோப்பாக்காரர்களுக்குத் திறந்திருக்கும் கதவைச் சாத்தினால் பொதுநலவாய நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு இடம் கிடைக்கும் என்று. நீ அதை நம்பி வாக்குப் போட்டாய்.

ஆனால் மகன், அந்த 18,600 பவுண் விதியைப் போட்டது பிரசல்ஸில் இருக்கும் ஒன்றியம் இல்லை, லண்டனில் இருக்கும் அரசாங்கம். ஐரோப்பிய ஒன்றியத்துச் சட்டத்தின்படி வந்து வேலை செய்தவன், மனைவி எந்த நாட்டுக்காரியாக இருந்தாலும் அந்த வருமானக் கணக்கைக் காட்டாமலே கூட்டி வரலாம். அவனுக்கு இருந்தது எனக்கும் வேண்டும் என்று நீங்கள் கேட்டிருந்தால் அதில் நியாயம் இருந்திருக்கும். அவனுக்கு இல்லாமல் போனதால் உங்களுக்கு என்ன வந்தது? ஒன்றியத்தை விட்டு வந்த பிறகு, 2024 ஏப்ரலில், அதே தொகையை 29,000 பவுண் ஆக்கினார்கள். அதற்கு முந்தின மாதம், பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் துணையையோ பிள்ளைகளையோ கூட்டி வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நம் தோட்டத்துக் கீழ் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளை ஒருத்தி அதற்குப் பிறகுதான் போனாள். அவளுடைய பையன் பாட்டியோடு இருக்கிறான். பின்னேரம் என்னிடம் கணக்குப் படிக்க வருவான், படித்து முடித்தாலும் எழுந்து போக மனம் வராது அவனுக்கு.

இனி வாக்கு விஷயத்துக்கு வருகிறேன். 2016 ஜூன் 23 அன்று உன் கையில் இலங்கைப் பாஸ்போர்ட்தான் இருந்தது. பொதுநலவாய நாட்டவன் என்பதால் உனக்கு வாக்கு இருந்தது. பக்கத்து வீட்டு லித்துவேனியாக்காரன் உனக்கு முந்தியே வந்து வரி கட்டிக்கொண்டிருந்தவன், அவனுக்கு இல்லை. ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களில் அயர்லாந்து, மோல்டா, சைப்ரஸ்காரர்களுக்கு மட்டுந்தான் இருந்தது. அவன் அந்த ஊரில் எந்த உரிமையோடு வாழப் போகிறான் என்ற கேள்விக்கு அவனைத் தவிர மற்றவர்கள் பதில் சொன்னீர்கள். நாடு முழுக்க 51.9 வீதம் வெளியேறச் சொன்னது. உன் பொஸ்டனில் 75.6 வீதம், நாட்டிலேயே அதிகம் அங்கேதான். வாக்குச் சாவடியிலிருந்து நீ வெளியே வந்தபோது அவன் முகத்தைப் பார்த்தாயா என்று அன்றே கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த நம் மலையக ஆட்களுக்கு இது தெரியாத கதை இல்லை. 1947 தேர்தலில் தோட்டத்து மக்கள் வோட்டுப் போட்டு இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷமே நம்மை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, அதற்கடுத்த வருஷம் வாக்கும் போனது. 1952 தேர்தலில் நம்மவர் ஒருவர்கூட இல்லை. 1949இல் வந்த இன்னொரு சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமை கேட்டு உன் தாத்தா விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம் போட்டார். எந்த வருஷம் வந்தாய், எங்கே இருந்தாய், பிள்ளைகள் எங்கே பிறந்தன என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பேர் பதிந்து வேலை வாங்கின தோட்டம் இருந்தது, பிறந்த சான்றிதழ் இருக்கவில்லை. அந்தக் காகிதக் கட்டை ட்ரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்திருந்தார். ஒரு தடவைகூட வாக்குப் போடாமலே கண்ணை மூடினார்.

1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974இல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். லயத்தில் இருந்த எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. உன் பெரியம்மா கட்டிக்கொடுத்த வீட்டாரோடு இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்திருந்தார். ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி நகரும்போது யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் அம்மா ஓடியது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாம் போய், கடைசியில் கூடலூர் பக்கம் மறுபடியும் தேயிலை மலையிலேயே கொழுந்து பறித்தார். நீ அவரை ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாய். நமக்கும் அவர்களுக்கும் இடையில் கடல் வந்தது யாரோ ஒரு மேசையில் ஆட்களை எண்ணிப் பிரித்ததால்தான்.

இங்கிலாந்து யாரையும் அப்படிக் கப்பலேற்றவில்லை, அதை நான் மறுக்க மாட்டேன். ஏற்கெனவே வந்திருந்த ஐரோப்பாக்காரர்கள் 2021 ஜூன் 30க்குள் விண்ணப்பித்தால் தங்கியிருக்கலாம் என்றார்கள், பெரும்பாலானவர்களுக்குக் கொடுத்தும் இருக்கிறார்கள். 1949 சட்டத்தின் கீழ் நம்மவர்கள் பட்ட பாட்டோடு அதை ஒன்றாக வைத்துப் பேசினால் அது நியாயமாகாது. ஆனால் நீ ஆசைப்படுவது நடந்திருந்தால்? நீ கேட்பது அந்தக் கோச்சியைத்தான், மகன்.

நீ அனுப்பிய வீடியோக்களில் லிங்கன்ஷயர் வயலைப் பார்க்கிறேன். கந்தப்பளைப் பக்கம் போலக் கோவாவும் கிழங்கும், ஆனால் மலை இல்லாத தட்டை நிலம். விடிய முந்தி இருட்டில் வேனில் ஏறிப் போய் குளிரில் குனிந்து கோவா வெட்டுகிறவர்கள்தான் உன் தெருக்காரர்கள். கோப்பிக் காலத்தில் நம்மவர்களும் இப்படித்தான் வந்தார்கள். மன்னாரில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்து, வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்கள் போக மிச்சப்பேர் பழம் பறித்து முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பினார்கள். தேயிலைக்கு வருஷம் பூராவும் கை வேண்டும், அதனால்தான் குடும்பத்தோடு இருத்தினார்கள், நாமும் இந்த மண்ணில் வேர் விட்டோம். வேர் விட்ட பிறகுதான் நீங்கள் யார் என்று கேட்டார்கள்.

இப்போது அங்கே பருவகால வீசா என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 2019இல் 2,500 பேரோடு ஆரம்பித்து, சில வருஷத்திலேயே பல்லாயிரம் பேர் ஆக்கினார்கள். நேபாளம், இந்தோனேசியா, மத்திய ஆசியா என்று தூரத்திலிருந்து ஆள் வருகிறது. ஆறு மாதம் பறித்துவிட்டுப் போய்விட வேண்டும், மனைவி மக்களைக் கூட்டி வரக்கூடாது. வேலை மட்டும் வேண்டும், அதைச் செய்கிறவன் அந்த ஊரில் ஒரு குடும்பமாக நிற்கக்கூடாது. போலந்துக்காரனுக்கு மூடிய கதவு மற்றவர்களுக்கு இந்த மாதிரித்தான் திறந்தது. கோப்பிக் காலத்துக்கே திரும்பிப் போயிருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

நம் நாட்டைப் பற்றியும் நீ சொன்னாய். 2025 ஜூலையில் பிரிட்டன் அறிவித்ததை, துணி எங்கிருந்து வந்தாலும் இலங்கையில் தைத்த உடுப்புக்கு வரி இல்லை என்பதை, ஒன்றியத்துக்குள் இருந்திருந்தால் தனியாகச் செய்திருக்க முடியாது என்றாய். உண்மைதான். ஐரோப்பாவில் நம் உடுப்பை அதிகம் வாங்கியது பிரிட்டன், நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் தையல் வேலையில் இருக்கிறார்கள். நல்லது நடந்தால் நல்லது என்றுதான் சொல்வேன். ஆனால் இன்னொன்றையும் நினைத்துப் பார். 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் மனித உரிமையைக் காட்டி ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற ஏற்றுமதி வரிச் சலுகையை நிறுத்தியபோது, வெளியார் நிபந்தனை போடுவது இறைமையில் கை வைப்பது என்று நம் அரசாங்கம் உதறிவிட்டது. சலுகை திரும்பி வர 2017 மே ஆயிற்று. இறைமை என்று மேடையில் பேசியவர்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. உன் சித்தப்பா மகளுக்குத்தான் கட்டுநாயக்கவில் ஓவர்டைம் நின்றது. சித்திரவதை கூடாது, சிறுவர் உரிமை வேண்டும் என்று எழுதிய நிபந்தனைகளால் நம்மைப் போன்றவர்களுக்கு என்ன கெடுதல்? அப்படிக் கேட்க வெளியே ஒரு பெரிய கூட்டு இருப்பது நல்லது என்றுதான் நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

தன் சட்டத்தைத் தானே போட வேண்டும் என்று ஒரு நாடு ஆசைப்படுவதை நான் சின்னதாக எண்ணவில்லை. அந்த அதிகாரம் 1948இல் இந்த நாட்டுக்குக் கிடைத்த கையோடு முதலில் யார் தலையில் இறங்கியது என்பதை மட்டும் உன்னால் மறக்க முடியாது, மறக்கவும் கூடாது.

அப்புறம் அந்தத் துரோகம் என்ற பேச்சு. 1975இல் இதே கேள்வியைக் கேட்டபோது 67 வீதம் பேர் உள்ளே இருப்போம் என்றார்கள். 41 வருஷம் கழித்து மறுபடி கேட்டது துரோகம் இல்லை என்றால், இன்னொரு நாள் இன்னொரு தடவை கேட்பதும் துரோகம் ஆகாது. 2016இல் பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகள் இப்போது வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் அன்று ஒன்றும் சொல்லவில்லையே.

இரண்டு பக்கத்து இளைஞர்களும் கொஞ்சக் காலம் போய்ப் படிக்கவும் வேலை செய்யவும் ஒரு திட்டம் பற்றிப் பேசுகிறார்கள் என்று வாசித்தேன். நீ எதிர்ப்பது அதையும் சேர்த்துத்தானா? பேத்தி பிரெஞ்சு நன்றாகப் படிக்கிறாள் என்று மருமகள் சொன்னாள். அவள் வளர்ந்து, பாரிசில் ஒரு வருஷம் படிக்கப் போகிறேன் என்று கேட்டால் என்ன சொல்வாய் என்று யோசி. மருமகளிடமும் இந்தக் கடிதத்தைக் கொடு. நீ அவளைக் கூப்பிடக் காத்திருந்த காலத்தில் இங்கே எங்களோடு இருந்தவள் அவள், அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தனியாகத் தெரிய வேண்டும்.

அப்பாவுக்குப் பிரஷர் இப்போது பரவாயில்லை, கிளினிக்குக்குப் போய் வருகிறார். உன்னோடு இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று அவர்தான் சொன்னார், நான் கேட்கவில்லை.

என்னோடு ஒத்துப்போக வேண்டும் என்று உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நான் சொன்னதில் எது பிழை என்று நீ நினைக்கிறாயோ அதை எழுது. போனில் வேண்டாம், கடிதமாகவே எழுது.

அன்புடன்,
அம்மா