நாலு கட்டைக்கு இறங்கி வந்தவர்களுக்கு

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நம் நாடகமும் இசையும் நல்லபடியாக நடந்து முடிந்தன. ஞாயிறு இரவு சாமான்களை ஏற்றுகிற அவசரத்தில் யாருக்கும் ஒழுங்காக நன்றி சொல்ல முடியவில்லை. திங்கட்கிழமை விடிந்ததும் எல்லாரும் அவரவர் வேலைக்குப் போய்விட்டோம். அன்றிலிருந்து மனதில் கிடக்கிற பாரத்தை இந்த மடலில் இறக்கி வைக்கிறேன். உங்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. செய்த வேலையைச் சொன்னாலே யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதல் நன்றி வாத்தியக்காரர்களுக்கு. ஆறு வாரத்துக்கு முன்னால் ஒத்திகை தொடங்கியபோது பாட்டுகளைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போடுவதாகத்தான் முடிவு செய்திருந்தோம். செலவு குறைவு, தலைவலி குறைவு என்பது எங்கள் கணக்கு. ஒரு நாள் ஒத்திகை பார்க்க வந்த ஆர்மோனிய அண்ணன் மூன்றாவது காட்சி வரைக்கும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சியில் தாயாக நடிப்பவர் கடிதத்தைப் படித்து முடிக்கும் முன்பே பாட்டு ஆரம்பித்துவிட்டது. அவர் பாதியில் கடிதத்தை மடித்துவிட்டுப் பாட்டுக்கு ஓடினார். அண்ணன் எழுந்து, “அந்தம்மா அழுது முடிக்கிற வரைக்கும் நான் சுருதியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், இந்த ஸ்பீக்கர் பெட்டி நிக்காதே” என்றார். அவ்வளவுதான். அடுத்த ஒத்திகைக்கு ஆர்மோனியத்தோடு வந்தார். கூடவே மிருதங்கக்காரரையும் புல்லாங்குழல் தம்பியையும் அழைத்து வந்தார்.

எங்கே உட்காருவது என்பதில் ஒரு பேச்சு எழுந்தது. மேடைக்குக் கீழே, பக்கவாட்டில், இருட்டில் உட்காரவைப்பதாக இருந்தோம். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. தெருக்கூத்தில் ஆர்மோனியம், மத்தளம், முகவீணை என்ற ஊதுகருவி வாசிப்பவர்கள் ஆடுகிறவருக்குப் பின்னால், எல்லாரும் பார்க்கத்தான் உட்கார்ந்திருப்பார்கள். கூத்தாடுபவர் பாடுகிற அடியை அவர்கள் வாங்கிப் பின்பாட்டாகப் பாடுவார்கள். ஆடுகிறவருக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும், பார்ப்பவருக்கு அந்த அடி மனதில் பதியும். நாடக ஆசிரியர் ந. முத்துசாமி 1977-இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய பிறகு, கூத்திலிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்பதை நவீன நாடகக்காரர்கள் பலர் கண்டுகொண்டார்கள். எங்களைப் போன்ற சின்னக் குழு அதைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டது. வாத்தியங்களை மேடை ஏற்றினோம். நடிகர்களின் முதுகும் தோளும் மூச்சும் அவர்கள் கண்ணில் பட்டன. சனிக்கிழமை அந்தக் கடிதக் காட்சியில் தாய் எத்தனை நேரம் பேசாமல் நின்றார் என்று எனக்குத் தெரியாது, யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. சுருதி மட்டும் மெல்லிசாக ஒலித்துக்கொண்டிருந்தது. மிருதங்கக்காரர் இரண்டு கையையும் தோலின் மேல் வைத்து அடிக்காமல் காத்திருந்தார். அந்தக் காத்திருப்புக்கு நன்றி, அண்ணா.

ஞாயிறு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பார்க்க வந்த பலருக்கு அது தெரியாது.

காலையில் தாயாக நடிப்பவருக்குக் குரல் கட்டிவிட்டது. பேச வந்தது, கீழே பாட வந்தது. மேல் ஸ்தாயிக்குப் போனால் காற்றுதான் வந்தது. பாட்டுகளை வெட்டிவிடலாமா, வேறு யாராவது ஓரத்தில் நின்று பாடலாமா என்று ஆளுக்கொன்று சொன்னோம். இரண்டுக்கும் அவர் கண் கலங்கிவிட்டது. ஆர்மோனிய அண்ணனைத் தொலைபேசியில் கூப்பிட்டோம். “ஐந்து கட்டையில் பாட முடியலைன்னா நாலில் பாடட்டும், நாங்க இறங்கி வர்றோம்” என்றார்.

பாடகர் தன் குரலுக்குத் தோதாக வைத்துக்கொள்ளும் ஆதார சுருதியைத்தான் கட்டை என்று சொல்கிறோம். ஐந்திலிருந்து நாலுக்கு இறக்கினால் பாட்டு முழுக்க ஒரு படி கீழே வந்துவிடும். எட்டாத மேல் காந்தார ஸ்வரம் எட்டும். சொல்வது சுலபம். ஆர்மோனியத்தில்கூட விரல் ஆறு வாரம் பழகிய தடத்தை விட்டுவிட்டு வேறு விசைகளில் ஓட வேண்டும். மிருதங்கத்தில் அதைவிட வேலை அதிகம். வலந்தலை என்ற வலப்பக்கத் தோலைச் சுற்றி வார் கோத்த 16 கண் உண்டு. விளிம்பைக் கீழ்நோக்கித் தட்டினால் தோல் இறுகிச் சுருதி ஏறும், மேல்நோக்கித் தட்டினால் தளர்ந்து இறங்கும். ஒரு பக்கம் இறங்கினால் எதிர்ப்பக்கம் முரண்டு பிடிக்கும். எல்லாக் கண்ணும் ஒரே நாதம் பேசும் வரைக்கும் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். மிருதங்கக்காரர் ஒரு கல்லையும் மரப்புள் என்ற சின்ன மரத்துண்டையும் வைத்துக்கொண்டு, கூடத்தின் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து முக்கால் மணி நேரம் தட்டினார். நாங்கள் நாற்காலி நகர்த்துகிற சத்தத்தைக்கூட நிறுத்திவிட்டோம்.

புல்லாங்குழலில் இந்த வித்தை எதுவும் செல்லாது. துளை போட்டது போட்டதுதான், சுருதிக்கு ஒரு குழல் வேண்டும். தம்பியிடம் நாலு கட்டைக் குழல் இல்லை. அவன் தன் குருவுக்குப் போன் செய்தான். அவர் “ஏன், எதற்கு” என்று கேட்கவே இல்லை, “வந்து எடுத்துக்கோ” என்று மட்டும் சொன்னாராம். குருவின் கைப்பழக்கத்தில் இருந்த குழலை இன்னொருவரிடம் கொடுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது வாசிப்பவர்களுக்குத் தெரியும். ஐயா, உங்களை நாங்கள் பார்த்ததுகூட இல்லை. எங்கள் வணக்கத்தை இந்த மடலில் ஏற்றுக்கொள்ளுங்கள். நாலு கட்டைக் குழல் கொஞ்சம் நீளம், துளைகளுக்கு நடுவே இடைவெளியும் கூடுதல். தம்பி மேடை ஏறுகிற நிமிடம் வரைக்கும் ஒப்பனை அறையின் பின்வாசலில் நின்று விரலை விரித்துப் பழகிக்கொண்டிருந்தான்.

அன்று மாலை தாயாக நடிப்பவர் பாடினார். சனிக்கிழமை இருந்த பளபளப்பு குரலில் இல்லை. எனக்கு ஞாயிறு பாட்டுதான் அதிகம் பிடித்தது. இறங்கிய சுருதியில் அந்தத் தாய்க்கு வயது கூடியிருந்தது, களைப்பு கூடியிருந்தது. காட்சி அதைத்தான் கேட்டது என்பது எங்களுக்கே அப்போதுதான் புரிந்தது. அம்மா, வெட்டிவிடச் சொல்லாமல் பாடுகிறேன் என்று நின்ற உங்களுக்கு என் தனிப்பட்ட நன்றி.

அப்புறம் ஒலி பார்த்துக்கொண்டவர். வெறும் கூடத்தில் சரிசெய்து வைத்த ஒலி, ஆட்கள் நிறைந்ததும் மாறிவிடும். உடம்பும் உடையும் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் சனிக்கிழமை மதியமே எங்கள் எல்லாரையும், நாற்காலி போட வந்த பிள்ளைகளையும் சேர்த்து, வரிசையில் உட்காரவைத்துக் கேட்டுப் பார்த்தார். மைக்கில் போகிற சத்தம் ஒலிபெருக்கி வழியாக வந்து மறுபடி அதே மைக்கில் நுழைந்தால்தான் அந்தக் கீச்சென்ற ஊளை கிளம்புகிறது என்று பொறுமையாக விளக்கி, ஒலிபெருக்கிகளை மைக்குகளுக்கு முன்னால் தள்ளி வைத்தார். இரண்டு நாளும் ஒரு முறைகூட அந்த ஊளை வரவில்லை. நடிகர்களுக்கு மைக் வேண்டாம் என்றும் அவரே சொன்னார். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்து நடிகர்கள் மைக் இல்லாமலேயே கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடினார்கள், 180 நாற்காலிக்குள் நீங்கள் பாடலாம் என்று தைரியம் கொடுத்தார். ஞாயிறு குரல் கட்டியதும், யாரும் கேட்காமலேயே தாய் நிற்கும் இடத்துக்கு மேலே ஒரு மைக்கை, கண்ணில் படாமல், மெதுவாக வைத்துவிட்டார்.

ஒளி பார்த்த தங்கையைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். வாத்தியக்காரர்கள் தாளைப் பார்த்து வாசிக்கச் சின்ன விளக்கு வேண்டும். காட்சி மாற மேடை முழுக்க இருட்டாகும்போது அந்த வெளிச்சம் கசியக் கூடாது. கறுப்பு அட்டையை மடித்து ஒவ்வொரு விளக்குக்கும் அவர் ஒரு குல்லாய் செய்தார். வெளிச்சம் தாளில் மட்டும் விழுந்தது. மேடைப் படிகளின் ஓரத்தில் இருட்டில் மினுங்கும் பட்டையை ஒட்டியதும் அவர்தான். ஒருவருக்கும் கால் இடறவில்லை.

இந்த இரண்டு நாளுக்கு முதலில் பேசி வைத்திருந்த இடம் ஒன்பது நாள் முன்பு இல்லை என்றாகிவிட்டது. அதைப் பற்றிப் பேசி இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. அன்று சாயங்காலமே தங்கள் நடன வகுப்புக் கூடத்தின் சாவியை எங்கள் கையில் கொடுத்த ஆசிரியைக்கும், ஞாயிறு வகுப்பை வேறு நாளுக்கு மாற்றிக்கொண்ட பெற்றோருக்கும் எப்படி நன்றி சொல்வது? அந்தச் சாவி கிடைக்காமல் இருந்திருந்தால் இந்த மடலே இல்லை.

எங்கள் குழுவில் நாடகத்தை மட்டுமே தொழிலாகக் கொண்டவர் யாரும் இல்லை. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். பின்னாளில் வக்கீலாகவும் நீதிபதியாகவும் வேலை பார்த்தபடியே நாடகம் எழுதி நடித்தார். வேலையும் மேடையும் ஒன்றாக ஓடலாம் என்பதற்கு நாங்கள் அவரைத்தான் எடுத்துச் சொல்லிக்கொள்வோம். ஆனால் அப்படி ஓட வீட்டில் ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும், வேலையிடத்தில் ஒருவர் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். எங்களுக்காக இரவு முறையை ஏற்றுக்கொண்ட சக ஊழியர்களே, ஆறு வாரம் மாலை நேரத்தில் பிள்ளைகளைத் தனியாகப் பார்த்துக்கொண்ட துணைவர்களே, உங்கள் பங்கு எங்களுக்குத் தெரியும். ஒத்திகைச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பாட்டி சனிக்கிழமை இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, பின்பாட்டு வந்தபோதெல்லாம் கூடவே பாடினார். சன்னல் வழியாகக் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறார்!

ஞாயிறு காலைப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளே, உங்களை மறப்பேனா? சனிக்கிழமை நாடகத்தில் மழைக்குத் தகர டப்பாவில் மணிகளைப் போட்டு உருட்டினோம். ஞாயிறு காலை விளையாட்டாக உங்களுக்கு மழை செய்யச் சொல்லிக்கொடுத்தோம். முதலில் உள்ளங்கையைத் தேய்ப்பது, அப்புறம் ஒரு விரலால் தட்டுவது, இரண்டு விரல், முழுக் கை, கடைசியில் தொடையில் தட்டுவது, பிறகு அதே வரிசையில் திரும்பி அடங்குவது. இயக்குநர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “சாயங்காலம் டப்பா வேண்டாம்” என்றார். நீங்கள் முதல் இரண்டு வரிசையில் உட்கார்ந்தீர்கள். மழைக் காட்சியில் மிருதங்கக்காரர் கையை உயர்த்தினார். பின்வரிசையில் இருந்தவர்கள் வெளியே நிஜமாகவே மழை வந்துவிட்டது என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர்கூட அவசரப்படவில்லை, ஒருவர்கூடச் சிரித்துவிடவில்லை. மழை அடங்குகிற இடத்தை நீங்கள் விட்ட விதம் பெரியவர்களுக்கே கஷ்டம்.

திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்த அக்காவுக்கு நன்றி. இரண்டு நாளில் ஒரே ஒரு முறைதான் அவர் குரல் தேவைப்பட்டது. ஆனால் அவர் அங்கே நிற்கிறார் என்ற நம்பிக்கையில்தான் மற்ற எல்லா வரியும் நினைவுக்கு வந்தது. அரை நிமிடத்தில் உடை மாற்ற வேண்டும் என்று பொத்தான்களையெல்லாம் பிரித்துவிட்டு ஒட்டுப் பட்டை தைத்துக் கொடுத்தவருக்கும், வாசலில் நின்று தாமதமாக வந்தவர்களைப் பாட்டு முடியும் வரை அன்போடு நிறுத்தி வைத்தவர்களுக்கும் நன்றி. ஞாயிறு இரவு நாடகம் பார்க்க மட்டும் வந்துவிட்டு, நாற்காலிகளை அடுக்கி, கூடத்தைப் பெருக்கி, வண்டி கிளம்பும் வரை நின்ற அந்த ஏழெட்டுப் பேருக்கும் நன்றி. உங்கள் பெயரைக் கேட்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. அடுத்த ஒத்திகைக்கு வாருங்கள், கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டு நாளும் வந்து பார்த்த, கேட்ட அத்தனை பேருக்கும் நன்றி. கடிதக் காட்சியின் மௌனத்தில் ஒரு போன்கூட ஒலிக்கவில்லை. அந்த மௌனத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு.

கடைசியாக ஒரு செய்தி. கூடத்தைச் சுத்தம் செய்தபோது மூன்றாவது வரிசையில் ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு கறுப்புக் குடை, ஒரு சின்னப் பிள்ளையின் ஒற்றைச் செருப்பு கிடைத்தன. எடுத்து வைத்திருக்கிறோம், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். கூடத்தின் மூலையில் அந்த மரப்புள்ளும் கிடந்தது. மிருதங்க அண்ணா, அதை நான் என் பையில் பத்திரமாக வைத்திருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
நாடகக் குழுவினர் சார்பில்