ஒரே தளிரை நம்பும் தேனீயும் வண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தில், களியக்காவிளைக்கு அருகே ரப்பர் விளைகளுக்கு (தோட்டங்களுக்கு) நடுவில் குடியிருந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தேன்பெட்டி வைத்து வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மாசி, பங்குனி மாதங்களில் எங்கள் பகுதியில், வீட்டுக்குள் மொய்க்கும் கருவண்டுகளைக் கொல்ல வீட்டுக்கு வீடு பூச்சிமருந்து அடிக்கும் வழக்கம் பெருகி வருகிறது. அதனால் பக்கத்து விளையின் தேனீக்களுக்கு நேரும் இழப்பு, அடிப்பவர்களுக்கே தெரிவதில்லை.

ரப்பர்த் தேன் ரப்பர்ப் பூவிலிருந்து வருவதாகவே வெளியூர்க்காரர் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில், இலையுதிர்த்து நின்ற மரம் புதுத் தளிர் விடும்போது, இலைக்காம்பின் முனையில் மூன்று சிற்றிலைகளும் சேரும் இடத்திலுள்ள சிறு சுரப்பிகளில்தான் அந்த இனிப்பு நீர் ஊறுகிறது. இலை முற்றியதும் நின்றுவிடுகிறது. தளிர் இளசாக இருக்கும் அந்தச் சில வாரங்களே எங்களுக்கு அறுவடைக் காலம். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹேட்ச் பெட்டியில் தேனீ வளர்ப்பதைப் பரப்பிய நாள்தொட்டு இந்தத் தொழில் இங்கே வேரூன்றியிருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்துப் பைப்புழு நோய் பரவி, கேரளத்திலும் இங்கும் இந்தியத் தேனீக் குடும்பங்களில் பெரும்பாலானவை அழிந்தபோது, காலிப் பெட்டிகளை என் தந்தை திண்ணையில் அடுக்கி வைத்ததை நான் மறக்கவில்லை. அதிலிருந்து மீண்டுவந்த தேனீக்கள் இவை.

அதே தளிரை நம்பி வாழும் இன்னொரு பூச்சி, கேரளத்தார் முப்ளி வண்டு என்று அழைக்கும் கருவண்டு. முற்றாமல் உதிரும் தளிரைத் தின்று சருகுக்குள்ளேயே பெருகும் இவ்வண்டு, முதல் கோடைமழை விழுந்த மாலையில் விளக்கொளியை நோக்கி ஆயிரக்கணக்கில் பறந்துவந்து, ஓட்டு இடுக்குகளிலும் மச்சிலும் அடை அடையாக ஒட்டிக்கொள்ளும். சோற்றில் விழும், உறங்கும் குழந்தையின் மேல் விழும். அது கசியவிடும் நீர் பட்ட தோல் எரிந்து சிவக்கும். கைக்குழந்தை உள்ள வீட்டார் பொறுமை இழப்பதை நான் குறை கூற மாட்டேன். ஆனால் அது கடிப்பதில்லை. வீட்டுக்குள் எதையும் தின்பதுமில்லை, முட்டையிட்டுப் பெருகுவதுமில்லை. எட்டு ஒன்பது மாதங்கள் சோம்பிக் கிடந்துவிட்டு, மீண்டும் இலையுதிரும் காலத்தில் தானாகவே விளைக்குத் திரும்பிவிடும்.

கடந்த ஆண்டு பங்குனியில், எங்கள் விளையை அடுத்த ஒரு வீட்டுக்காக வந்த கூலியாட்கள், காலை ஒன்பது மணிக்கு, தேனீக்கள் முழு வேகத்தில் போய்வந்து கொண்டிருந்த நேரத்தில், விசைத்தெளிப்பானால் சுவர், ஓடு, முற்றத்துச் செடிகள், வேலியோர ரப்பர்த் தளிர் என எல்லாவற்றையும் நனைத்தார்கள். பிற்பகலுக்குள் என் பெட்டிகளின் வாசலில் நாக்கை நீட்டியபடி தேனீக்கள் குவியலாகச் செத்துக் கிடந்தன. பதினான்கு பெட்டிகளில் ஆறு அந்த வாரத்திலேயே காலியாயின. அந்த வீட்டார் நல்லவர்கள்; விவரம் அறிந்ததும் வருந்தினார்கள். வண்டுகளோ அடுத்த மழைக்கு மறுபடியும் வந்தன.

பூச்சியைக் கண்டால் மருந்தைத் தேடும் பழக்கம் நம் முன்னோரிடம் இருந்ததில்லை. கொல்லாமரம் என்று நாங்கள் சொல்லும் முந்திரியில் முசுறு என்னும் சிவப்பு எறும்பு கூடு கட்டியிருந்தால், கடித்தாலும் அதைக் கலைக்கக் கூடாது என்பாள் என் பாட்டி. தளிரையும் பூங்கொத்தையும் கருகச் செய்யும் தேயிலைக் கொசு என்னும் சாறுறிஞ்சும் பூச்சியை முசுறு பிடித்துத் தின்றுவிடும். அந்தத் தேயிலைக் கொசுவை ஒழிக்கவே கேரளத்தின் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வானிலிருந்து எண்டோசல்பான் என்னும் பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். அங்குள்ள குடும்பங்கள் இன்றுவரை படும் துயரத்தை எல்லைக்கு இப்பாலுள்ள நாமும் அறிவோம்.

வண்டைத் தடுக்க எளிய வழிகள் உண்டு. கோடைமழைக்கு முன் வீட்டைச் சுற்றியுள்ள சருகை மட்டும் கூட்டி அகற்றலாம். விளை முழுவதும் கூட்ட வேண்டாம், அது மண்ணுக்கு வேண்டியது. மழை பெய்த மாலைகளில் வெளிவிளக்குகளை அணைத்து, ஓட்டு இடுக்குகளை அடைத்துவிட்டால் பெருமளவு குறையும். ஒட்டியவற்றைக் கையால் தொடாமல் துடைப்பத்தால் சோப்புநீர் வாளியில் தள்ளலாம். மருந்தைத் தவிர வேறு வழியே இல்லை என்று நினைப்பவர்கள், இருட்டி, தேனீக்கள் கூடடைந்த பின், வீட்டின் உட்புறத்தில் மட்டும் அடிக்கட்டும்.

ஊராட்சிகளும் வேளாண் அலுவலர்களும் மாசி மாதத்திலேயே இவற்றை ஒலிபெருக்கி வழியாக அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மருந்தடிக்கும் நாளை முந்தைய நாள் மாலைக்குள் எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரவோடு இரவாகப் பெட்டிகளைத் தலைச்சுமையாகவாவது வேறு விளைக்கு மாற்றிக்கொள்வோம்.

இப்படிக்கு,
தேனீ வளர்க்கும் ஒரு வாசகர்,
விளவங்கோடு வட்டம்.