இதயத்தின் பெயரைக் கொண்ட கொழுப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு நலவாழ்வுப் பக்கத்தில் 'கொழுப்பு இதயத்தின் எதிரி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். ரத்தக்குழாயில் படியும் கொழுப்பைத்தான் சொல்கிறீர்கள் என்பது உள்ளே படித்தால்தான் தெரிகிறது. எங்கள் தக்கலை டீக்கடையில் தலைப்போடு நிறுத்திக்கொண்டவர்களே அதிகம். இதயத்துக்காக உழைக்கும் கொழுப்பும் உண்டு; அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் 30 வருடம் லேபில் வேலை பார்த்தவன். கர்ப்பிணிகளுக்கு மேகநோய் (சிபிலிஸ்) இருக்கிறதா என்று பார்க்கும் வி.டி.ஆர்.எல். சோதனைதான் காலையில் முதல் வேலை. ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரான சீரத்தை 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, ஸ்லைடில் விட்டு, ஒரு சின்னப் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு ஆன்டிஜன் (நோயாளியின் சீரத்தோடு வினைபுரியும் சோதனைக் கரைசல்) சேர்த்து, 4 நிமிடம் சுழற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போம். நோய் இருந்தால் துகள்கள் திரண்டு நிற்கும். அந்தப் பாட்டிலில் இருந்த முக்கியச் சரக்கு கார்டியோலிபின் ('கார்டியோ' என்றால் இதயம்). மாட்டின் இதயத்திலிருந்து 1942-இல் மேரி பாங்போர்ன் என்ற அமெரிக்கப் பெண்மணி பிரித்தெடுத்த கொழுப்பு. வேலையில் இருந்தவரை எனக்கு அது வெறும் பாட்டில்தான். ஓய்வு பெற்ற பிறகே அதைப் பற்றிப் படித்தேன்.

செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வு மடிப்பு மடிப்பாக இருக்கும். அந்த மடிப்பு குலையாமலும், ஆற்றல் தயாரிக்கும் புரதங்கள் சிதறாமலும் பார்த்துக்கொள்வதில் இந்தக் கொழுப்புக்குப் பெரிய பங்கு. மற்ற சவ்வுக் கொழுப்புகளுக்குப் பொதுவாக 2 வால் (கொழுப்பு அமிலச் சங்கிலி), இதற்கு 4. இதயத்தில் அவை பெரும்பாலும் லினோலிக் அமிலம். நல்லெண்ணெயில் அது நிறைய உண்டு. நம் தேங்காயெண்ணெயில் (ஊரில் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்) கொஞ்சம்தான்.

அந்த வால்களைச் சரிசெய்யும் டஃபாசின் என்ற நொதி பிறவியிலேயே பழுதானால் வருவது பார்த் நோய். நெதர்லாந்து மருத்துவர் பீட்டர் பார்த் 1983-இல் விவரித்தது. அபூர்வம்தான். பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வரும்: இதயம் பெருத்துத் தளரும், தசையில் வலு இருக்காது, வெள்ளையணு குறைந்து தொற்று வரும். தாய்வழியில் தொடர்வது. மருமக்கள்வழி (தாய்வழியில் சொத்து இறங்கும் பழைய முறை) கண்ட நாஞ்சில் நாட்டில் பாட்டிமாருக்குத் தாய்வழிக் கதை அத்துப்படி. 'எனக்க தம்பிமாரு ரெண்டும் கைப்பிள்ளையிலே போச்சுது' என்று அம்மாவைப் பெற்ற பாட்டி சொன்னால், பேரனைப் பார்க்கும் இதய மருத்துவர் காதில் அது விழவேண்டும். வசதியுள்ள லேபில், தாளில் உலர்த்திய ஒரு சொட்டு ரத்தத்திலேயே இந்தக் கொழுப்பின் கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்த முறை தலைப்பில் 'ரத்தக்குழாயில் படியும்' என்று இரண்டு வார்த்தை சேர்க்க இடம் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்